மதினி பேரில் விழுந்த மூன்று நொடி

மட்டாஞ்சேரியில் என் மதினியின் சமையலறை அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில், மல்லித்தூள் டப்பாவுக்கும் உப்புப் பரணிக்கும் அடியில் ஒரு தாள் விரித்திருக்கிறது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளை போட்டு, குறுக்கே பச்சைப் பட்டை ஓடும் பழைய கம்ப்யூட்டர் தாள். மற்றத் தட்டுகளில் விரித்த செய்தித்தாள்களை ஓணத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை மதினி மாற்றிவிடுவார். இதில் மட்டும் கை வைத்ததில்லை. எண்ணெய் ஊறி, மஞ்சள் கறை படிந்து, கரப்பான் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. ஆனாலும் டப்பாவை நகர்த்தினால் எழுத்து தெரியும். இரண்டு பத்திகள். வலப்பக்கப் பத்தியில் ஏழு, ஏழு, ஏழரை, ஆறரை என்று ஏதேதோ எண்கள். இடப்பக்கப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: சைபர், சைபர், சைபர்.

அந்த சைபர்களை உற்பத்தி செய்தவன் நான். உற்பத்தி செய்த அன்று அவற்றைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால், அலமாரிக்குள் நானே போய் உப்புப் பரணிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், தெருவில் மலையாளம், கோபத்தில் இரண்டும். அண்ணன் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டினான். மதினி என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கல்யாணம் ஆகி வந்த புதிதிலிருந்து தோப்பும்படிப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை ஊறும். விரல் நுனிகள் வெளுத்து, தோல் வெடித்து, சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். அப்படியும் ஷெட்டிலேயே வேகமான கை அவருடையதுதான். அதைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார், ஆனால் வேறு யாராவது சொல்ல மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துவார்.

நான் களமசேரியில் படித்து, தேவராவில் நாலு பேர் மட்டுமே இருந்த ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். நாலு பேரில் ஒருவர் முதலாளி, ஒருவர் முதலாளியின் மைத்துனர். மிச்சம் இரண்டு பேர்தான் வேலை செய்தோம். இரண்டாயிரம் பிறந்தவுடன் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்திப் பிழைத்த கூட்டத்தில் நாங்களும் உண்டு. எதுவும் நின்றுபோகாததால் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அப்படிக் கிடைத்ததுதான் மட்டாஞ்சேரி பஜாரில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்த ஒரு மிளகு, சுக்கு கிட்டங்கி. மூட்டை எடை போடும் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, எடையைப் படித்து, லேபிள் அடிக்க ஒரு புரோகிராம். எழுதினேன். அதை இயக்க நிதானமான ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, வாய் சும்மா இருக்காமல், "எங்க மதினி இருக்காங்க சார்" என்றேன். டைப்பிங் மூன்று மாதம் படித்தவர், விரல் வேகம் ஷெட் முழுக்கப் பிரசித்தம்.

அப்படித்தான் மதினிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. தலைக்கு மேலே காற்றாடி, முன்னால் கீபோர்டு, கைக்கு ஈரம் படாத வேலை. இரண்டு மாதத்தில் விரல் நுனியில் புதுத் தோல் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டில் ரசத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, விரலை விரித்து என்னிடம் காட்டினார். நான் வழக்கமாகச் சொல்லும் கிண்டலைச் சொல்லவில்லை. எங்களுக்குள் அப்படிக் கிண்டல் இல்லாமல் போன நிமிடங்கள் மிகக் குறைவு.

வேலை இப்படி நடக்கும். சுமைக்காரர் மூட்டையைத் தலையிலிருந்து எடைமேடையில் இறக்குவார். மதினி சரக்கு எண்ணைத் தட்டி ஒரு பட்டனை அமுக்குவார். புரோகிராம் எடையைப் படிக்கும். லேபிள் வரும். மதினி அதைக் கிழித்துச் சாக்கில் குத்துவார். சுமைக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். எடையைப் படிப்பதில்தான் என் சாமர்த்தியமெல்லாம். மூட்டை இறக்கியதும் மேடை கொஞ்சம் ஆடும், எண் தள்ளாடும். ஆகவே மெஷினிடம் ஒரு தடவை கேட்டால் போதாது என்று அறுபது தடவை கேட்க வைத்திருந்தேன். அறுபது பதிலுக்கும் சராசரி எடுத்தால் எடை கல்லுப் போல நிற்கும். ஏன் அறுபது? அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். லாரிகள் காத்துக் கிடக்கின்றன, ஒரு மூட்டைக்கு ஏழு நொடி ஆகிறது. "எடோ, ஆர்க்காணு ஸ்பீடு இல்லாத்தது? மெஷினோ, ஆளோ?" யாருக்கு வேகம் இல்லை என்று கேட்டால் நல்லவன் யோசிப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "அளந்து காட்டிடறேன் சார்" என்றேன். ஒவ்வொரு மூட்டைக்கும் புரோகிராம் எடுத்த நேரம் ஒரு பத்தியில், மொத்த நேரத்தில் அதைக் கழித்தால் வரும் மிச்சம் ஆபரேட்டர் பேரில் இன்னொரு பத்தியில். ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பொருத்தினேன். அடுத்த திங்கட்கிழமை தாளை அடித்து எடுத்தேன். அதுதான் இப்போது மல்லித்தூளைத் தாங்கிக்கொண்டிருக்கும் தாள்.

புரோகிராம் நேரம்: சைபர் மில்லிசெகண்ட். ஒரு மூட்டைக்கு மட்டுமில்லை, எல்லா மூட்டைக்கும்.

கொஞ்சமாவது புத்தியுள்ளவனுக்கு அங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். உலகத்தில் எந்த வேலையும் சைபர் நேரத்தில் நடப்பதில்லை. எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, கர்வம். "நம்ம புரோகிராம் கோடு அளக்கவே முடியாத வேகம் சார், மெஷினே திணறுது" என்று மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் வலப்பக்கப் பத்தியை விரலால் தடவிக்கொண்டு போனார். ஏழு, ஏழு, ஏழரை. "அப்போ ஆளாணு ஸ்லோ" என்றார், ஆள்தான் மெதுவாம். சனிக்கிழமைக்குள் மூட்டைக்கு நாலரை நொடிக்கு வராவிட்டால் அந்தச் சேச்சி கீழே போய்ச் சுக்குப் பொறுக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னார்.

கீழே சுக்குப் பொறுக்குவது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளுப்புக்காகச் சுண்ணாம்பு போட்ட சுக்கு. தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கையால் அளைந்து தரம் பிரிக்க வேண்டும். இறால் ஷெட்டில் ஐஸ் தின்றதை அங்கே சுண்ணாம்பு தின்னும். மேனேஜர் அதைச் சொன்ன நொடியில்தான், ஆபரேட்டர் என்று நான் தலைப்புப் போட்ட அந்தப் பத்திக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகம் காலையில்தான் எனக்குப் புட்டும் கடலையும் பரிமாறியது என்று உறைத்தது.

மதினி வீட்டில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்ததும் என் முன்னால் ஒரு காலித் தம்ளரை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சாயா குடிச்சு முடிச்சாச்சு கொழுந்தனாரே. சைபர் மில்லி. உங்க மெஷின்ல பாத்துக்கிடுங்க."

"மைனி, அது வந்து..."

"ஒண்ணும் வர வேண்டாம். ராத்திரிக்குச் சோறும் போட்டாச்சு, கழுவியும் கவுத்தாச்சு. மனசிலாச்சா?"

அண்ணன் சிரித்துவிட்டு, நிலைமை தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மதினி எனக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"எலேய், நான் ஒரு காரியம் கேக்கட்டா? பட்டனை அமுக்கிட்டு நான் லேபிளுக்குக் காத்துட்டு இருக்கேனே, அது யாரு நேரம்?"

"லேபிள் உடனே வந்துரும் மைனி. நம்ம புரோகிராம்..."

"நீ ஒரு மட்டம் வந்து என் பக்கத்துல நில்லு. தாளைப் பாக்காத, என் கையைப் பாரு."

புதன்கிழமை போய் நின்றேன். மூட்டை இறங்கியது. மதினி எண்ணைத் தட்டினார், பட்டனை அமுக்கினார். அமுக்கிய உடனே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி. தூக்கியபடியே என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒன்று நகர்ந்தது. இரண்டு நகர்ந்தது. மூன்று. அப்புறம்தான் லேபிள் வந்தது.

"இப்போ யாரு வேலை செஞ்சா?" என்றார், கையை இறக்காமல்.

திரையில் என் அளவு: சைபர்.

என் பயத்துக்கு என்றே ஒரு முறை உண்டு. முதலில் காது சூடாகும். பிறகு வாய் தானாக ஏதாவது பேசும். அன்று பேசியது, "மைனி, கையைக் கீழே போடுங்க, எல்லாரும் பாக்கறாங்க." அதற்கு மேடையருகே நின்ற சுமைக்காரர் மூப்பன், சுமைக்காரர்களுக்கெல்லாம் தலைவர், "பாக்கட்டும் மோனே, நாங்க தினமும் பாக்கறதுதானே" என்றார்.

விஷயம் எனக்கு விளங்கியது மறுநாள் காலை படகு ஜெட்டியில். எர்ணாகுளம் போகிற படகு வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு கிழவி பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்கி, இரண்டு பேரிடம் சண்டை பிடித்து, பெஞ்சில் உட்கார்ந்து மென்று துப்பினாள். டிக்கெட் கொடுக்கும் ஜெட்டிக்காரரிடம் மணி கேட்டேன். அவர் கையில் வாட்ச் இல்லை. "எட்டரைப் படகு வந்திருக்கு" என்றார். கிழவி வந்தபோதும் எட்டரைப் படகு, வெற்றிலை தீர்ந்தபோதும் எட்டரைப் படகு. அடுத்த படகு வருகிறவரை அவருக்கு நேரம் நகராது. அவர் புத்தகத்தில் அந்தக் கிழவி மட்டாஞ்சேரியில் சைபர் நிமிடம் இருந்தாள்.

அங்கேயே எனக்குக் காது சூடாயிற்று. அந்தக் காலத்து விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் நான் நேரம் கேட்ட கடிகாரமும் அந்த ஜெட்டிக்காரர்தான். நொடிக்குப் பதினெட்டு தடவைதான் அதன் முள் நகரும், ஐம்பத்தைந்து மில்லிசெகண்டுக்கு ஒரு படகு. நடுவில் எத்தனை தடவை கேட்டாலும் பழைய நேரத்தையே சொல்லும். இத்தோடு போயிருந்தால்கூட, சில தடவை சைபர், சில தடவை ஐம்பத்தைந்து என்று வந்து, சராசரியாவது உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். ஆனால் நான் இன்னொரு அழகு செய்திருந்தேன். எடை மெஷினிடம் கேள்வி கேட்க, அதே முள் நகரும் கணத்துக்காகப் புரோகிராமைக் காத்திருக்க வைத்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் படகு வந்தவுடன் இறங்கும். மெஷின் பதில் சொல்ல ஐம்பது மில்லிசெகண்ட் ஆகும். அடுத்த படகுக்குச் சற்று முன்னால் வேலை முடிந்துவிடும். அறுபது கேள்வி, தனித்தனியாக அளந்த அறுபது சைபர். கூட்டினால் சைபர். நிஜத்தில் மூன்று நொடி. அந்த மூன்று நொடியும், மிச்சத்தைப் போடும் பத்தியில், மதினி பேரில் விழுந்துகொண்டிருந்தது.

அதே பெட்டிக்குள் இன்னொரு கடிகாரம் முதல் நாளிலிருந்து இருந்தது. நொடிக்குப் பதினொரு லட்சத்துச் சொச்சம் துடிப்பு. கொஞ்சம் நீளமான பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். சோம்பேறித்தனத்தில் நான் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை மத்தியானமே கூப்பிட்டு, முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை எண்ணைக் குறித்து, கழித்து, வகுத்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு ஐம்பது மில்லிசெகண்ட், தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை சுத்தமாக.

அன்றைக்கே போய் மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. வியாழன் மிச்சமும் வெள்ளி முழுக்கவும் நான் என்ன செய்தேன் என்றால், சொல்லாமல் தப்பிக்கிற வழிகளை யோசித்தேன். வைரஸ் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் வைரஸ் தலையில் எதைப் போட்டாலும் தாங்கும். மின்சாரம் ஏறி இறங்கியது என்று சொல்லலாம். சத்தமில்லாமல் புது அளவைப் பொருத்திவிட்டு, மதினி திடீரென்று வேகமாகிவிட்டார் என்று எல்லாரும் நம்பும்படி விடலாம். இந்தக் கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. யாருக்கும் தலைக்குனிவு இல்லை. மதினிக்கு வேலை, எனக்கு மானம். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அதைப் பெரிய பரிசு மாதிரி மதினியிடம் சொன்னேன்.

மதினி பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை நாளு நான் மெல்லப் போனேன்னு ஆகும்லா?"

"இனிமே வேகம்னு ஆகுமே மைனி."

"பயந்து வேகமானேன்னு ஆகும்." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். இறால் ஷெட்டின் வேகமான கை அன்றைக்குப் பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

சனிக்கிழமை மேனேஜர் அறையில் நின்றோம். மதினியும் வந்திருந்தார். காலையில் ஒரு நல்ல மூட்டையை எடைமேடையில் வைத்து, புது அளவில் ஓட்டி அடித்த தாளைக் காட்டினேன். புரோகிராம் மூன்று நொடி, ஆபரேட்டர் நாலு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பின்னே பழைய தாள்?" என்று கேட்டார். காது, வாய் இரண்டும் முறைப்படி நடந்தது. வாய் சொன்னது: "அது விண்டோஸோட குறைபாடு சார். அமெரிக்காக்காரன் டிசைனே அப்படி. அவனோட கடிகாரம்..."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். மதினி இரண்டு கையையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தார்.

"என் தப்பு சார்," என்றேன். "எந்தக் கடிகாரத்தைப் பாக்கணும்னு தெரியாம பாத்தேன். சைபர்னு வந்தா யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. இவங்க ஆரம்பத்துலேர்ந்தே நாலு நொடிதான்."

கை இறங்கியது. மேனேஜர் திட்டினார், அரை மணி நேரம், எந்தக் கடிகாரத்தில் அளந்தாலும் அரை மணி நேரம். எனக்கு அது காதில் விழவே இல்லை. மதினி நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, அடுத்த மூட்டைக்கு எண் தட்டுகிற சத்தம்தான் விழுந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் திருந்திய கதை. அறுபது கேள்வியை எட்டாகக் குறைத்தேன், எடை அதே எடைதான். புரோகிராம் அரை நொடிக்கும் கீழே வந்தது. லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின. மேனேஜர் என்னைப் பார்த்து மறுபடி சிரித்தார். பத்து நாள் போனதும் ஒரு சாயங்காலம் மதினி என் முன்னால் தம்ளரை வைத்தார். இந்தத் தடவை சாயா இருந்தது.

"கொழுந்தனாரே, அந்த மூணு நொடியைத் திருப்பிக் குடு."

"ஏன் மைனி? இப்பதான் எல்லாம் பறக்குதே!"

"பறக்குதுலா, அதான். மூட்டையை இறக்கிட்டு லேபிள் வர்றதுக்குள்ள அந்தச் சேட்டன்மாரு கழுத்தை இப்படி ஒரு திருப்புத் திருப்புவாங்க. ஒரு மூச்சு விடுவாங்க. இப்போ கழுத்து திரும்புறதுக்கு முன்ன லேபிள் வந்துருது, மூட்டையைத் தூக்க வேண்டியதாயிருது. மூப்பன் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. பிடரியைத் தடவிட்டே நிக்கார். எனக்கு அதைப் பாத்துட்டு பட்டனை அமுக்க முடியலை."

"மைனி, மூணு நொடி வச்சா அது புரோகிராம் பேர்ல விழும். கோடு ஸ்லோன்னு மேனேஜர் என்னையத்தான் கேப்பார்."

"விழட்டும். நான் பதினோரு நாளு சுமந்தேன்ல?"

இதற்குப் பதில் இருப்பவர்கள் எனக்கு எழுதலாம். அந்த வாரம் எட்டுக் கேள்விக்குப் பிறகு புரோகிராமைச் சும்மா நிற்க வைத்தேன். திரையில் எடை சரிபார்க்கப்படுகிறது என்று மினுங்கும், உண்மையில் ஒன்றும் நடக்காது. இந்தத் தடவை அளவில் தப்பு வந்துவிடக் கூடாதென்று பதினொரு லட்சம் துடிப்புக் கடிகாரத்தையே கூப்பிட்டு, மூன்று நொடிக்குக் கொஞ்சமும் குறையாமல் அளந்து வைத்தேன். லாரிகளுக்கு என்ன சமாதானம் என்று மேனேஜர் கேட்டபோது, "எடை நிக்கணும் சார், மேடை ஆடுது" என்றேன். என் வாழ்க்கையில் பயப்படாமல் சொன்ன ஒரே பொய். அப்புறம் எத்தனையோ கம்பெனியில் எத்தனையோ புரோகிராமை வேகமாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இதைவிடத் துல்லியமாக நான் எதையும் அளந்ததில்லை. அந்தக் கிட்டங்கியில் மெஷினை மாற்றுகிற வரைக்கும் அந்த மூன்று நொடி என் பேரில்தான் ஓடியது.

போன மாதம் மட்டாஞ்சேரி போயிருந்தேன். மதினிக்கு இப்போது தோள் வலி, மேல் தட்டுகளுக்குக் கை எட்டுவதில்லை. டப்பாக்களை நான் இறக்கிக் கொடுத்தேன். அடியில் கிடந்த தாளைச் சுருட்டப் போனேன்.

"அதை வை," என்றார் மதினி.

"கரப்பான் தின்னுட்டுது மைனி. புதுசா போடலாம்."

"சைபரைத் தின்னு அதுக்கு என்ன வயிறு நிறைஞ்சுரப் போவுது? வை அங்க."

விரித்து வைத்தேன். டப்பாக்களை அதன்மேல் அடுக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் முன்னால் ஒரு காலித் தம்ளர் வந்தது. இத்தனை வருடமாக, நான் எப்போது போனாலும் முதலில் அதுதான் வரும். நான் வாட்சைப் பார்ப்பதில்லை. கழுத்தை வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை திருப்பினேன். ஒரு மூச்சு விட்டேன். மதினி சாயாவை ஊற்றினார்.